பதினேழாம் படலம்

ஒன்றிலிருந்து பதினாறு வரை
குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு ஓட்டை,
ஓரத்தில் கரி.
பக்கத்தில் தேதி, வோல்ட்,
பிறகு ஒரே சொல்: போயிற்று.

காவியம் எழுதியவர்களுக்குப் படலம் என்றால்
நூறு பாட்டு, ஒரு போர், ஒரு திருமணம்.
எனக்கு எண்பது மைக்ரான்.

சிலிக்கோன் நல்ல பிள்ளை.
இழுத்தால் வரும், விட்டால் திரும்பும்,
முகம் சுளிக்காது.
மின்புலம் கூப்பிட்டால் மட்டும்
காதில் விழாத மாதிரி இருக்கும்.
இரண்டு புள்ளி எட்டு,
அவ்வளவுதான் அதன் செவி.

ஆகவே நிரப்பி.
பேரியம் டைட்டனேட். வெள்ளைப் பொடி,
புட்டியைத் திறந்தால் புகையாக எழும்.
புலம் தொட்டதும் உள்ளுக்குள்ளேயே
திரும்பி நிற்கத் தெரிந்த பொடி.
நூற்றுக்கு ஐந்து போட்டேன். பத்து போட்டேன்.
பேராசைக்கு எடை உண்டென்றால்
தராசு அதை முப்பது என்று காட்டியது.

செவி கூர்மையானது உண்மைதான்,
ஐந்து புள்ளி ஒன்பது.
உடம்பு விறைத்துவிட்டது.
கேட்கிறது, அசைய மாட்டேன் என்கிறது.
அசையுமுன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில்
டப்.

ரோஸ்னானி நுண்ணோக்கியில் காட்டினாள்.
பொடிகள் தம் பொடிகளோடு மட்டும்
கும்பல் கும்பலாக,
கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார்
தனி மேசை பிடித்த மாதிரி.
"சினி, சினி" என்று திரையைத் தொட்டாள்.
இங்கே, இங்கே.
தொட்ட இடமெல்லாம் என் பதினாறு ஓட்டைகள்.

போன வாரம் முழுக்க மழை.
ஜூரோங்கில் நாலு மணிக்கே வானம் கறுக்கும்,
கீழே திடலில் மின்னல் எச்சரிக்கை அலறும்,
பையன்கள் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
நான் சன்னலோரம் நின்று கணக்குப் போடுவேன்:
காற்றும் மின்காப்புப் பொருள்தான்.
மில்லிமீட்டருக்கு மூவாயிரம் வோல்ட்
பொறுத்துப் பார்க்கும்.
பிறகு கப்பல்பட்டறைப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு.
போயிற்று.

ஈரம் புட்டிக்குள்ளும் ஏறியிருந்தது.
உலர்பெட்டியின் நீல மணிகள்
எப்போது ரோஜா நிறமாயின என்று யாருக்கும் தெரியாது.
மணிகளை அடுப்பில் வறுத்தோம்,
பொடியையும் ஓர் இரவு காயவைத்தோம்.

பதினேழுக்கு நூற்றுக்குப் பத்து மட்டும்.
பொடியை முதலில் எத்தனாலில் குளிப்பாட்டி,
சிலேன் சில துளி விட்டு,
விடிய விடியக் கலக்கி,
ஒவ்வொரு துகளுக்கும் ஒரு மெல்லிய சட்டை போட்டேன்,
சிலிக்கோன் அதைத் தன் சொந்தக்காரன் என்று
நம்பிக்கொள்ளும்படி.
ஆள்மாறாட்டம்தான்.
அறிக்கையில் இதற்குப் பெயர் மேற்பரப்புச் சீரமைப்பு.

கலவையை வெற்றிடத்தில் வைத்துவிட்டு
கோப்பி ஓ கோசோங் வாங்கப் போனேன்.
வரிசையில் பன்னிரண்டு பேர், சில்லறைத் தகராறு வேறு.
திரும்பும்போது ஐம்பது நிமிடம்.
கணக்கு இருபது.
குறிப்பேட்டில் ஐம்பது என்றே எழுதினேன்.

செவி மூன்று புள்ளி ஆறு.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டி,
இருபுறமும் கரிப்பசை தடவி,
ஆயிரம். இரண்டாயிரம்.
கறுப்பு வட்டம் மெல்ல அகன்றது,
இருட்டறைக்குள் நுழைந்தவர் கண்ணின்
கருமணி மாதிரி.
மூவாயிரம்.
பழக்கதோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.
நாலாயிரத்து நூறு.
வட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேமராவை இயக்கவில்லை என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.
ரோஸ்னானி பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டாள்.
மின்னழுத்தத்தைக் குறைத்தேன்.
வட்டம் சுருங்கிற்று,
கொஞ்சம் தயங்கித்தான்.

சட்டையா, வறுத்த மணிகளா,
கோப்பி வரிசையில் போன முப்பது நிமிடமா?
மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவளுக்கு
ஒரு காரணமும் சொந்தமில்லை.

நாளை பதினெட்டு.
அதே பொடி, அதே சட்டை,
இருபதே நிமிடம்.
கோப்பி கிடையாது.